சங்கக் கடையில் முந்நூறு முதலாளிகள்

தராசு பிடித்துப் பிழைக்கிறவனுக்கு உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்தான்: எடை குறைகிறது என்று சொன்னவர்கள், இனிமேல் சொல்லப் போகிறவர்கள்.

கடையில் நின்றே காலம் தள்ளிய என் இனத்தாருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் எல்லாரும் ஒரு முதலாளியிடம் வேலை பார்த்திருப்பீர்கள். நான் ஒரே சமயத்தில் முந்நூறு பேரிடம் பார்த்தேன். அந்தக் கொடுமையை மட்டும் கொஞ்சம் சொல்லிக்கொள்ள அனுமதியுங்கள்.

திருவொற்றியூரில் கடலுக்கும் ரயில் பாதைக்கும் இடைப்பட்ட எங்கள் பக்கத்தில் வெகுகாலமாக ஒரே ஒரு மளிகைக் கடைதான் இருந்தது. ஞானமுத்து அண்ணாச்சி கடை. தெற்கத்திக்காரர். நான் அவரிடம் எட்டு வருஷம் பொட்டலம் கட்டினேன். யுத்தம் முடிந்தும் பஞ்சம் முடியாத சமயம். அண்ணாச்சி கெட்டவர் இல்லை, ஆனால் வேறு கடை இல்லாத ஊரில் நல்லவராக இருக்க வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. அவர் சொன்னதுதான் விலை, அவர் போட்டதுதான் அரிசி. இதைப் பொறுக்கமாட்டாமல் குப்பத்து மீனவர்களும் பீப்பாய்க் கம்பெனித் தொழிலாளர்களும் ஆளுக்கொரு பங்கு போட்டு, ஒரு பழைய உப்புக் கிடங்கை வாடகைக்குப் பிடித்து, கூட்டுறவுப் பண்டகசாலை ஆரம்பித்தார்கள். ஊர் வாயில் அது சங்கக் கடை. பீப்பாய்க் கம்பெனியில் பிட்டராக இருந்த வரதன் தலைவர். அவர்களில் யாருக்கும் பொட்டலம் கட்டத் தெரியாது என்பதால் என்னை வேலைக்கு வைத்தார்கள்.

கல்லாவுக்கு அந்தப்பக்கம்

முதல் நாள் காலை கதவைத் திறந்ததும் உள்ளே வந்தவள் தனம்மாள். மீன்காரி. கமிட்டியில் அவள் ஒருத்திதான் பொம்பளை, ஆனால் கூட்டத்தில் மற்ற ஆறு பேருக்கும் பேச மிச்சம் வைக்க மாட்டாள். வந்தவள் எதுவும் வாங்கவில்லை. நேரே கல்லாவைச் சுற்றி என் பக்கம் வந்தாள். ஒவ்வொரு மூட்டையாகப் பிரித்துக் கையை விட்டுப் பார்த்தாள். துவரம்பருப்பை வாயில் போட்டுக் கடித்தாள். பிறகு என் முக்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

வாடிக்கைக்காரர்கள் இந்தப் பக்கம் வரக்கூடாது என்று நான் மெதுவாகச் சொன்னேன். எட்டு வருஷத்தில் அண்ணாச்சி எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் விதி அது. தனம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை. புரியாதவனுக்குச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்: "இன்னா நைனா, பங்கு போட்டது நானு. அந்தாண்ட நின்னு கையேந்தறதுக்கா போட்டேன்?"

பாதி சோப்பு

இரண்டு வாரம் கழித்து ஒருவர் பாதி தேய்ந்த சோப்பைக் கொண்டு வந்து கல்லாவில் வைத்தார். பீப்பாய்க் கம்பெனியில் பெயிண்ட் அடிக்கிறவர். பேர் மாணிக்கம். சோப்பு நுரைக்கவே இல்லை, பத்து நாள் தேய்த்தும் பெயிண்ட் போகவில்லை, வேறு சோப்பு கொடு என்றார். அண்ணாச்சி கடையாக இருந்தால் நான் வாயைத் திறந்திருக்கவே வேண்டாம், அவரே நாலு வார்த்தையில் அனுப்பியிருப்பார். இங்கே வந்து நிற்கிறவரே முதலாளி. எங்கள் பக்கத்துக் கிணறெல்லாம் உப்புத் தண்ணீர், அதில் இந்தச் சோப்பு நுரைக்காது, குற்றம் சோப்பில் இல்லை, தண்ணீரில் என்று எடுத்துச் சொன்னேன்.

மாணிக்கம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். கடைசியில் சோப்பைத் திரும்ப எடுத்து மடியில் கட்டிக்கொண்டு சொன்னார்: "தண்ணி உப்புன்னு தெரிஞ்சிகினே இந்த சோப்ப வாங்கி வெச்சது யாரு? நீயி. உன்ன வேலைக்கு வெச்சது யாரு? நானு. அப்ப பாதி திட்டு உனக்கு, பாதி திட்டு எனக்கு."

கடல்காற்றின் பங்கு

தராசு முள் வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று கமிட்டி தீர்மானம் போட்டது. நல்ல தீர்மானம். அண்ணாச்சி கடையில் தராசு உள்ளே இருட்டில் தொங்கும், முள் எங்கே நிற்கிறது என்பது அவருக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரியும். அதனால் நம் தராசைத் தெருவைப் பார்த்த வாசலில் தொங்கவிட்டார்கள். காலை முழுக்க ஒரு சண்டை இல்லை. நானே மனசுக்குள் கமிட்டியைப் பாராட்டினேன்.

மத்தியானம் கடல்காற்று கிளம்பியது. வாசல் கிழக்குப் பார்த்தது. தட்டு ஊஞ்சலாட ஆரம்பித்தது. கால் வீசை மிளகாய் நிறுப்பதற்குள் அது ஒரு தரம் அரை வீசை காட்டும், ஒரு தரம் ஒன்றுமே இல்லை என்று காட்டும். தட்டு மேலே ஏறும்போது வாங்குகிறவர்கள் 'இன்னும் போடு' என்றார்கள், அது கீழே இறங்கும்போது நான் 'போதும்' என்றேன். நாலு மணிக்கு வாசலில் இருபது பேர் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். வரதன் வேலை முடிந்து சைக்கிளில் வந்தவர் ஒரு கோணியை எடுத்துப் பிடித்துக் காற்றை மறைத்தார். தலைவர் கோணி பிடித்தார், நான் நிறுத்தேன். மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் தராசு உள்ளே போனது, முள்ளுக்கு நேரே அடைத்துக் கிடந்த ஜன்னலைத் திறந்துவிட்டார்கள். அதுவரை கோணி பிடித்துக் கை வலித்த வரதனைப் பார்த்துத் தனம்மாள் சொன்னாள்: "பேசாம காத்துக்கும் ஒரு பங்கு குட்த்துடு வரதா. மெம்பரா சேந்துட்டா அதுவும் நம்மள மாதிரி கூட்டத்துக்கு வராது."

மூன்றாவது வீட்டு விளக்கமாறு

விளக்கமாறு, முறம், கூடை இவையெல்லாம் கொத்தவால்சாவடியில் மொத்தமாக வாங்கி வருவது என் வழக்கம். அண்ணாச்சியிடம் கற்ற வழி. ஒரு நாள் தனம்மாள் நான் இறக்கிய விளக்கமாற்றுக் கட்டைக் காலால் உருட்டிவிட்டு, எங்கள் தெருவிலேயே பதினைந்து பொம்பளைகள் ஈர்க்கு கிழிக்கத் தெரிந்தும் சும்மா கிடக்கும்போது இது எதற்கு என்று கேட்டாள். கமிட்டியில் அதற்கும் தீர்மானம். இனி நம் தெருவில் கிடைக்கிறதை வெளியே வாங்கக் கூடாது.

முதல் கட்டு வந்தது. ஒன்று என் இடுப்பு உயரம், ஒன்று முழங்கால் உயரம். இரண்டு நாளில் பாதி விளக்கமாறு பிரிந்துவிட்டது. வாங்கினவர்கள் என்னிடம் வந்து கத்துவார்கள் என்று காலையிலேயே தயாராகி நின்றேன். ஒருவரும் வரவில்லை. என்னடா இது என்று மத்தியானம் தெருப்பக்கம் எட்டிப் பார்த்தால், கட்டின பொம்பளைகள் வீட்டு வாசலில் வாங்கினவர்கள் கூட்டம். பிரிந்த விளக்கமாற்றைக் கையில் வைத்துக்கொண்டு அவரவர் நேரிலேயே விசாரித்துக்கொண்டிருந்தார்கள். கட்டினவள் வெட்கப்பட்டு அங்கேயே உட்கார்ந்து அவிழ்த்துக் கட்டிக்கொடுத்தாள். அடுத்த கட்டு வந்தபோது நான் முழு பலத்தோடு இழுத்துப் பார்த்தேன், ஒரு ஈர்க்கு கூட வரவில்லை. இது எப்படி என்று அதைக் கட்டிக்கொண்டு வந்த பொம்பளையையே கேட்டேன். அவள் சொன்னாள்: "சாவடி வெளக்கமாறு பிரிஞ்சா யாராண்ட போய் சண்ட போடுவாங்க? இது பிரிஞ்சா மூணாவது வூடு, என் வூடு."

துரையும் சுறாவும்

பீப்பாய்க் கம்பெனியில் தொழிலாளர் காண்டீன் உண்டு. அதற்கு மீனும் காய்கறியும் பட்டணத்திலிருந்து ஒரு காண்டிராக்டர் லாரியில் அனுப்பிக்கொண்டிருந்தார். கம்பெனி வாசலுக்கு எதிரே கடல். அந்தக் கடலில் பிடித்த மீன் காசிமேடு போய், ஏலம் போய், லாரி ஏறி, திரும்ப எதிர்வாசலுக்கே வரும். வரும்போது வாசனையும் கூட வரும். வரதன் நாலு மாசம் மேனேஜர் துரையின் அறை வாசலில் நின்று, ஒரு வாரம் நம் சங்கத்திலிருந்து வாங்கிப் பார்க்கச் சம்மதிக்க வைத்தார்.

காண்டீன் சமையல்காரர் அந்த வாரம் முழுக்க வஞ்சிரம் என்று பலகையில் எழுதி வைத்துவிட்டார். முதல் நாள் கட்டுமரங்கள் திரும்பியபோது வஞ்சிரம் ஒன்று கூட இல்லை. அத்தனையும் பால் சுறா. சமையல்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். வரதன் முகம் வெளுத்துவிட்டது. நாலு மாசம் நின்றது அவர் கால். தனம்மாள் மட்டும் அசையவில்லை. பலகையில் எழுதினதைக் கடல் படிக்குமா என்று கேட்டுக்கொண்டே காண்டீனுக்குள் போனாள். தன் கையாலேயே சுறாவை அவித்து உதிர்த்து, பூண்டும் மிளகும் பச்சை மிளகாயும் தட்டிப் போட்டுப் புட்டு செய்தாள். அன்று துரையும் ருசி பார்க்க வந்தார். ஒரு கரண்டி சாப்பிட்டார், கண்ணில் தண்ணீர் வந்தது, எழுந்து போய்விட்டார். ஒப்பந்தம் போச்சு என்று வரதன் அன்றிரவு சாப்பிடவே இல்லையாம்.

மறுநாள் நல்ல வஞ்சிரம் கிடைத்தது. பெருமையாகக் கொண்டுபோய் இறக்கினோம். சற்று நேரத்தில் சமையல்காரர் கடைக்கே ஓடி வந்து சொன்னார்: "துரை வந்து ஏன் இன்னிக்கு சுறா இல்லேன்னு கேக்கறார். நான் பலகையை அழிச்சுட்டேன், இனிமே கடல்ல என்ன வருதோ அதைக் கொடுங்க."

காயப்போட்ட பாய்

எங்கள் கிடங்கின் ஓடு ஒழுகும். ஆணி அடிப்பதற்கு மேல் எந்த ரிப்பேர் என்றாலும் பட்டணத்திலிருந்த கூட்டுறவு இலாகா மேலாபீஸ் உத்தரவு கொடுக்க வேண்டும். எழுதிப் போட்டோம். ஒழுகலின் இடம், அளவு, காரணம் மூன்றையும் மூன்று பிரதியில் அனுப்பச் சொல்லிப் பதில் வந்தது. அனுப்பினோம். சித்திரை வெயிலில் இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்தார். அண்ணாந்து பார்த்தார், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார், 'ஆய்வின்போது ஒழுகல் காணப்படவில்லை' என்று எழுதிவிட்டுப் போனார். அதில் பொய் ஒரு சொல் கூட இல்லை.

ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டது. உள்ளே ரேஷன் சர்க்கரை மூட்டைகள். நனைந்தால் எங்கள் பக்கத்துக் குழந்தைகளுக்கு ஒரு மாசம் சர்க்கரை கிடையாது, எனக்கு வேலையும் கிடையாது. நான் மூட்டைகளை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு இழுத்துக்கொண்டிருந்தேன். ஒழுகலும் என்னோடு கூடவே வந்தது. நடுவில் தனம்மாள் வந்து பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பினாள். அரை மணியில் குப்பத்திலிருந்து பத்து ஆட்கள் ஒரு பெரிய பாய்மரத் துணியைச் சுமந்துகொண்டு வந்தார்கள். பட்டைச் சாயம் ஏற்றின பழைய பாய். கொட்டுகிற மழையில் கூரை மேல் ஏறி விரித்து நாலு பக்கமும் கயிறு கட்டினார்கள். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. நான் சர்க்கரை மூட்டை மேல் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன் என்று இப்போது ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

உத்தரவில்லாமல் கூரை ரிப்பேர் செய்ததற்கு விளக்கம் கேட்டு மேலாபீஸிலிருந்து கடிதம் வந்தது. வரதன் பதில் எழுதினார்: கூரை ரிப்பேர் செய்யப்படவில்லை, அங்கத்தினர்கள் தங்கள் பாயைக் காயப்போட்டிருக்கிறார்கள். பழைய இன்ஸ்பெக்டரே நேரில் விசாரிக்க வந்தார். அவர் வந்து சேரவும் வானம் பொத்துக்கொண்டு ஊற்றவும் சரியாக இருந்தது. உள்ளே ஓடி வந்து நனையாத இடத்தில் நின்று, மேலே தெரிந்த பாயையும் வெளியே பெய்கிற மழையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, இந்த மழையில் அது எப்போது காயும் என்று கேட்டார். தனம்மாள் கொஞ்சமும் சிரிக்காமல் சொன்னாள்: "நீங்க உத்தரவு குட்த்த மறுநாளு காஞ்சிடும் சார்."

அண்ணாச்சியின் அழைப்பு

கடை இரண்டு வருஷம் நன்றாகவே ஓடியது. பிறகு ஒரு திங்கட்கிழமை ஞானமுத்து அண்ணாச்சி சோப்பு விலையைக் குறைத்தார். செவ்வாய்க்கிழமை எண்ணெய். புதன்கிழமை பருப்பு. ஒரு வாரத்தில் என் கடையில் ஈயைத் தவிர யாரும் இல்லை. பங்கு போட்ட முதலாளிகள் எல்லாரும் முக்காட்டைப் போட்டுக்கொண்டு எதிர்ச் சாரியில் நடந்து போனார்கள். என்னைப் பார்த்துவிட்டால் கடற்கரைக்குப் போகிற மாதிரி திரும்பிக்கொள்வார்கள். வரதன் வீட்டிலிருந்தே அண்ணாச்சி கடைக் காகிதப் பொட்டலம் குப்பையில் விழுந்ததை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்தேன். தலைவருக்கும் வயிறு உண்டு.

மூன்றாவது வாரம் அண்ணாச்சியே கடைக்கு வந்தார். பழைய வேட்டி, அதே விபூதியில்லாத நெற்றி, கழுத்தில் சிலுவைக் கயிறு. அடுக்கி வைத்திருந்த பொட்டலங்களைத் தடவிப் பார்த்தார், கட்டு நன்றாக இருக்கிறது என்றார். அவர் கற்றுக்கொடுத்த கட்டுதான் அது. திரும்ப வந்துவிடு, சம்பளம் கூட்டித் தருகிறேன் என்றார். எனக்கு இரண்டு பெண் குழந்தைகள். காலியாகக் கிடந்த கடையைப் பார்த்தேன், தெருவைப் பார்த்தேன். அண்ணாச்சி வற்புறுத்தவில்லை. படி இறங்கும்போது திரும்பிச் சொன்னார்: "ஏலே, அங்க முந்நூறு பேரு உன்னைய வையுதாவ. எங்கிட்ட வந்தா நான் ஒருத்தன்தான் வைவேன். யோசிச்சுக்கோ."

கை தூக்கிய ஞாயிறு

கடையை மூடிவிடலாமா என்று முடிவு செய்யப் பொதுக்குழு கூடியது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பள்ளிக்கூடக் கொட்டகையில். நான் சம்பளக்காரன், பங்குதாரன் இல்லை. ஓட்டுக் கிடையாது. என் பிழைப்பைப் பற்றி ஊரே விவாதிக்க, நான் எல்லாருக்கும் சோடா உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மூடிவிட்டுப் பங்கைத் திருப்பிக் கொடுங்கள் என்று சொன்னவர்களில் முதல் ஆள் மாணிக்கம். சல்லிசாகக் கிடைக்கும்போது சொந்தக் கடை எதற்கு என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான்.

தனம்மாள் எழுந்தாள். குரலை உயர்த்தவில்லை, அதனாலேயே எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். "நானுந்தான் அண்ணாச்சியாண்ட சோப்பு வாங்கினேன், இல்லேன்ல. ஆனா ஒண்ணு கேக்கறேன். இந்தக் கடை வர்றதுக்கு முந்தி அத்தினி வருசம் அவருக்கு நம்ம மேல பாசம் இல்ல. இப்ப மட்டும் எங்கேந்து வந்துச்சு? எதுத்தாப்ல நம்ம கடை கீது, அதான். கடைய மூடிட்டா அந்தப் பாசம் எத்தினி நாளு நிக்கும்? ரோசன பண்ணிகினு கையத் தூக்குங்க." அவ்வளவுதான் பேசினாள். உட்கார்ந்துவிட்டாள்.

கை தூக்கச் சொல்லி வரதன் எண்ணினார். ஒரு பெரியவர் இரண்டு கையையும் தூக்கியதால் திரும்ப எண்ண வேண்டியிருந்தது. கடை நடக்கட்டும் என்பதற்கு ஏழு கை அதிகம். அந்த நேரத்தில் நான் உடைத்த சோடா பொங்கிச் சட்டையெல்லாம் நனைந்தது. மூட வேண்டும் என்று கடைசி வரை வாதாடின மாணிக்கம் நேரே என்னிடம் வந்து, தோற்ற முகம் கொஞ்சமும் இல்லாமல் கேட்டார்: "சரி, அது முடிஞ்சிபோச்சு. நாளைக்கு எத்தினி மணிக்குக் கடை தொறப்பே?"

பதிவேட்டில் புதுப் பெயர்

ஜனங்கள் திரும்பி வந்தார்கள். எல்லாரும் அல்ல, எல்லாவற்றுக்கும் அல்ல. ஆனால் கடை நின்றது. அண்ணாச்சியும் நின்றார். நஷ்டத்துக்கு விற்பதை மட்டும் நிறுத்திவிட்டார். அந்தக் கோடையில் மண்ணெண்ணெய் கிடைக்காமல் ஊர் இருண்டது. எங்கள் சங்கத்துக்குக் கொஞ்சம் ஒதுக்கீடு வந்தது, அண்ணாச்சிக்கு வரவில்லை. ஒரு காலை வரிசையில் பாட்டிலோடு அண்ணாச்சி நிற்பதைப் பார்த்ததும் வரிசை முழுக்கக் கசமுசா. கொடுக்காதே என்று நாலு பேர் சொன்னார்கள். அங்கத்தினர்களுக்கு மட்டும் என்பது விதி. நான் தனம்மாளைப் பார்த்தேன். அவர் வூடும் இந்தத் தெருவில்தானே இருட்டிக் கிடக்கிறது என்றாள். அண்ணாச்சி பாட்டிலை வரிசையில் வைத்தார். பிறகு உள்ளே வந்து, ஒரு பங்கு போட்டு, பதிவேட்டில் ஞானமுத்து என்று தன் கையாலேயே எழுதினார்.

விதிப்படி அது சரிதானா என்று மேலாபீஸுக்கு எழுதிக் கேட்க எங்களில் யாருக்கும் துணிச்சல் இல்லை. தன் கடையையும் அவர் மூடவில்லை. பகலில் எங்களுக்குப் போட்டி, சாயங்காலம் எங்கள் கூட்டத்தில் முன்வரிசை. அந்தக் கூட்டத்தில் முதன்முதலாக உருப்படியான கேள்வி கேட்டவரும் அவர்தான். பருப்பு யாரிடம் வாங்குகிறீர்கள் என்று கேட்டார். சாவடியில் ஒரு மண்டியின் பேரை வரதன் சொன்னார். அண்ணாச்சி எழுந்து கிடங்குக்குள் போனார், மூட்டையில் முழங்கை வரை விட்டு அடியிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு வந்து மேஜையில் கொட்டினார். பாதி கல். வரதனைப் பார்த்து, ஏறக்குறைய பாசத்தோடு சொன்னார்: "சரிதான். என்னைய ஏமாத்தின மாதிரியேதான் உங்களையும் ஏமாத்திருக்கான்."

நிழல்

சின்னச் சின்ன வேலைகளை உள்ளூர்க் கமிட்டியே தீர்மானித்துக்கொள்ளலாம் என்று ஒரு நாள் மேலாபீஸிலிருந்து உத்தரவு வந்தது. அன்று மழையில் எங்கள் பாய்க்குக் கீழே நின்ற இன்ஸ்பெக்டர் மேலே எழுதின குறிப்புதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. புது அதிகாரத்தை வைத்துக்கொண்டு எங்கள் கமிட்டி செய்த முதல் காரியம், கடைக் கதவுக்குப் பச்சை அடிப்பதா நீலம் அடிப்பதா என்று மூன்று மணி நேரம் சண்டை போட்டது. இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது காரியம் கொஞ்சம் பெரியது. அந்த வருஷம் கையில் மிஞ்சினதை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொள்வதா, கடைக்கு முன்னால் வெயிலில் உட்கார்ந்து மீன் விற்கிற பொம்பளைகளுக்கு ஒரு கொட்டகை போடுவதா என்று கேள்வி வந்தது. வேடிக்கை என்னவென்றால், வேண்டாம் என்று சொன்னவள் தனம்மாள். எனக்காகப் போட்டுக்கொண்டேன் என்று நாளைக்கு ஊர் பேசும், பிரித்துக் கொடுத்துவிடுங்கள் என்றாள். இந்தத் தடவை எதிர்த்துப் பேசினது மாணிக்கம். தன் சம்சாரம் தினமும் வெயிலில் நின்று மீன் வாங்கிவிட்டுத் தலைவலி என்று படுத்துக்கொள்கிறாள், தனக்குக் கஞ்சி கிடைப்பதில்லை, ஆகவே இது தன் சொந்த நலன் என்றார். கைகள் உயர்ந்தன. தனம்மாள் தோற்றாள். அவள் தோற்று நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான்.

பீப்பாய்க் கம்பெனி ஆட்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பம் நட்டார்கள், குப்பத்து ஆட்கள் கீற்று வேய்ந்தார்கள், அண்ணாச்சி எல்லாருக்கும் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார். மறுநாள் தனம்மாள் கூடையை இறக்கிக் கொட்டகைக்குள் உட்கார்ந்தாள். காலை முழுக்க அவள் குரலே கேட்கவில்லை. உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்து நான் கல்லாவை விட்டு இறங்கிப் போய்க் கேட்டேன். மேலே கீற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இத்தினி வருசம் வெயில்ல குந்திகினு கத்தினு இருந்தேன். நெயல்ல குந்துனதும் எதுக்குக் கத்தறதுன்னு மறந்துபோச்சு நைனா."

அதற்குப் பிறகும் நாலு வருஷம் நான் அங்கே நின்றேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: மக்களாட்சி ரொம்ப நல்ல விஷயம், ஆனால் அதற்குப் பொட்டலம் கட்டிக்கொண்டு நாள் முழுக்க நிற்கிறவனுக்குத்தான் முழங்கால் வலிக்கும்.